ஆசிரியரின் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: மொழி ஆசிரியர்களுக்கான இணையவழிக் கற்கைநெறி பற்றி

கேள்வி: நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலைகள் சிலவற்றுக்குப் பொறுப்பான ஆங்கில பாட ஆசிரிய ஆலோசகர். இரண்டாம் மொழிச் சிங்கள ஆசிரியர்களையும் சேர்த்து, மொழி ஆசிரியர்களின் வாண்மை விருத்திக்காக 12 அலகுகள் கொண்ட இணையவழிக் கற்கைநெறி ஒன்றைச் சக வளவாளர்களுடன் தயாரித்தோம். ஒவ்வோர் அலகிலும் ஏறத்தாழ 40 நிமிட விரிவுரைக் காணொளி, ஒரு வாசிப்புப் பகுதி, பல்தேர்வு வினாக்கள் ஆகியவை உண்டு. வசதியான நேரத்தில் தாமாகவே கற்கலாம் என்று அறிவித்தோம். ஆர்வத்தோடு பதிந்தவர்களில் பெரும்பாலானோர் மூன்றாம் அலகைத் தாண்டவில்லை. முடித்த சிலரும் இறுதித் திகதிக்கு முந்திய இரவில் எல்லா வினாக்களுக்கும் ஒரே மூச்சில் விடையளித்துச் சான்றிதழ் பெற்றிருக்கிறார்கள். அடுத்த முறை கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆசிரியர்களையும் சேர்க்கும் எண்ணம் இருக்கிறது. எங்கள் ஆசிரியர்களுக்குச் சுயமாகக் கற்கும் பழக்கம் இல்லையா? கட்டாயமாக்கினால் சரிவருமா? தளத்தை மாற்ற வேண்டுமா?

– ஆசிரிய ஆலோசகர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: அன்புள்ள ஆசிரிய ஆலோசகர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விகளில் கடைசி இரண்டுக்கும் விடை சுருக்கமானது. கட்டாயமாக்க வேண்டாம். தளத்தை மாற்றுவதாலும் பெரிதாக எதுவும் மாறிவிடாது. முதற்கேள்விதான் நின்று பேச வேண்டியது. அதற்கு முன், நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த அலகுப் பட்டியலை ஒருமுறை ஆசிரியரின் இடத்திலிருந்து வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாம் அலகில் அறிமுகமும் அதிகாரிகளின் வாழ்த்துரைகளும் இருக்கின்றன. (வாழ்த்துரையைக் காணொளியாக்கி ஆசிரியரின் டேட்டாச் செலவில் பார்க்கவைக்கும் வழக்கத்தை யார் தொடக்கி வைத்தார்களோ தெரியவில்லை.) இரண்டாம் அலகு மொழி கற்பித்தல் முறைகளின் வரலாறு: இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, கேட்டல்–பேசல் முறை, தொடர்பாடல் முறை என்று வரிசையாகச் செல்கிறது. மூன்றாம் அலகில் கற்றல் கோட்பாடுகள். மறுநாள் வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய முதல் விடயம் ஆறாம் அலகில்தான் வருகிறது. காலையில் ஆரையம்பதியிலிருந்து புறப்பட்டு மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள பாடசாலைக்குப் போகின்ற, அல்லது குருமண்வெளியில் பாதைக்கு (வாவியைக் கடக்கும் மிதவைக்கு) காத்திருந்து மண்டூருக்குப் போகின்ற ஓர் ஆசிரியை, வீட்டு வேலைகளையும் தன் பிள்ளைகளின் படிப்பையும் கவனித்து முடித்து இரவு ஒன்பதரைக்குக் கைபேசியை எடுக்கும்போது, கல்வியியற் கல்லூரியில் ஏற்கெனவே படித்துப் பரீட்சையும் எழுதிய விடயங்களையே மறுபடியும் காண்கிறார் என்றால், அவர் மூன்றாம் அலகில் நின்றதை நான் சோம்பல் என்று சொல்லமாட்டேன். அது நியாயமான தீர்மானம்.

இடைவிலகல் உங்கள் ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. ஹாவர்ட் பல்கலைக்கழகமும் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும் 2012 முதல் 2018 வரை நடத்திய திறந்த இணையவழிக் கற்கைநெறிகளின் தரவுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்றின்படி, பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடங்களுக்குள் நுழையவே இல்லை. 2017–18 காலப்பகுதியில் முழுமையாக முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான். சான்றிதழுக்காகப் பணம் செலுத்தியவர்களிலும் முடித்தவர்கள் 46 வீதம். இதோடு ஒப்பிட்டு, உங்கள் கற்கைநெறி அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் சொல்வது எளிது. ஆனால், பணமும் கட்டி, முடித்தே தீருவது என்ற எண்ணத்தோடு வந்தவர்களில் பாதிப் பேரைக்கூடத் தக்கவைக்க முடியாத ஒரு வடிவத்தை, உலகின் வசதி மிக்க நிறுவனங்களிடமிருந்து நாம் அப்படியே இரவல் வாங்குகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கட்டாயமாக்குவதன் விளைவை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். ஒரே இரவில் 12 அலகுகளையும் முடித்தவர்கள் சான்றிதழைக் கட்டாயமாகக் கருதியவர்கள். நீங்கள் அதைச் சுற்றறிக்கையாக வெளியிட்டால் எல்லோரும் அந்த வழியையே பின்பற்றுவார்கள், வினாக்களின் விடைகள் வட்ஸ்அப் குழுக்களில் உலாவத் தொடங்கும்.

இனி முதற்கேள்விக்கு வருகிறேன். உங்கள் கற்கைநெறியில் ஆசிரியர் தீர்மானித்தது நேரம் ஒன்றை மட்டுமே. எதைக் கற்பது, எந்த ஒழுங்கில் கற்பது, எதைக்கொண்டு கற்பது, கற்றுவிட்டதை எப்படி அறிந்துகொள்வது ஆகிய நான்கையும் நீங்களும் வளவாளர்களும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டீர்கள். வளர்ந்தோர் கல்வி பற்றி எழுதிய அமெரிக்கரான மல்கம் நோல்ஸ் 1975இல் இதற்கு நேர்மாறான ஒரு வரிசையை முன்வைத்தார்: கற்பவர் தன் தேவையைத் தானே இனங்காண்கிறார், இலக்கை வகுக்கிறார், அதற்கு வேண்டிய ஆட்களையும் வளங்களையும் தேடுகிறார், பொருத்தமான வழியைத் தெரிகிறார், விளைவை மதிப்பிடுகிறார். இவற்றைத் தனியாகவும் செய்யலாம், பிறர் துணையோடும் செய்யலாம் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். இந்த ஐந்து படிகளில் எதையும் செய்யும் வாய்ப்பே தராமல், ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று நாம் எப்படி முடிவுகட்ட முடியும்?

ஆகவே, அடுத்த முறை முதல் இரண்டு வாரங்களுக்குப் பாடம் எதையும் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு வாரங்களும் கேள்வியைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும். இது மிகவும் சிரமமான வேலை என்பதால், எப்படி நடத்தலாம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் உங்கள் வகுப்பில் என்ன பிரச்சினை என்று கேட்டால், "சேர், பிள்ளைகள் வாயே திறக்குறாங்க இல்ல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது உண்மையான பதில்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் கற்க முடியாது. அவரிடம், ஒரு பாடவேளையின் நடுப்பகுதியில் கைபேசியை மேசையில் வைத்து 10 நிமிடம் தன் குரலைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் அதைக் கேட்டு, ஒரு தாளில் நான்கு நிரல்கள் வரைந்து நிரப்ப வேண்டும். நான் கேட்ட கேள்வி என்ன? கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருந்தேன்? விடை சொன்னது யார் – ஒரு பிள்ளையா, வகுப்பே ஒரே குரலிலா, எவருமில்லையா? கடைசியில் விடையை நானே சொல்லிவிட்டேனா? ஒரு கேள்விக்கு ஒரு வரி. 10 நிமிடப் பதிவில் பதினைந்து, இருபது வரிகள் நிரம்பினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

அந்த இரண்டாவது நிரலில்தான் விடயம் இருக்கிறது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருப்பதையும், அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டதையும், விடையற்ற மௌனங்கள் குறைந்ததையும், தாமாக முன்வந்து பேசும் பிள்ளைகள் கூடியதையும் கண்டார். தாய்மொழியில் நடக்கும் வகுப்பிலேயே நிலைமை அப்படியென்றால், கேள்வியை விளங்கி, விடையைத் தமிழில் நினைத்து, அதை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கட்டி, பக்கத்திலிருப்பவன் சிரிப்பானோ என்ற பயத்தையும் விழுங்கிக்கொண்டு எழுந்து பேச வேண்டிய பிள்ளைக்கு ஒரு விநாடி எம்மாத்திரம்? இந்த ஆய்வை உங்கள் மூன்றாம் அலகில் ஒரு பந்தியாக வைத்தால் ஆசிரியை வாசித்துவிட்டுக் கடந்துபோவார். தன் தாளில் "1 விநாடி, 1 விநாடி, 0, 2, நானே சொன்னேன்" என்று தன் கையால் எழுதிய பிறகு அதே பந்தியைக் கொடுத்தால், அதில் தன் வகுப்பைக் காண்பார்.

இப்போது அவருடைய கேள்வி சுருங்கிவிட்டது: "கேள்விக்கும் விடைக்கும் இடையே பிள்ளைக்கு யோசிக்க நேரம் கொடுத்தால் எத்தனை பேர் பேசுவார்கள்?" இதற்கு உங்களால் வளம் தர முடியும். ஆறு நிமிட ஒலிப்பதிவு ஒன்று, இரண்டு பக்க வாசிப்பு ஒன்று, முதலில் தனியே யோசித்து, பின் பக்கத்திலிருப்பவரோடு மெதுவாகப் பேசி, அதன் பின்னரே வகுப்புக்குச் சொல்லும் செயற்பாட்டின் மாதிரி ஒன்று ஆகியவை போதும். இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு மீண்டும் 10 நிமிடம் பதிவுசெய்து அதே நான்கு நிரல்களை நிரப்பும்போது, தன்னைத் தானே மதிப்பிடும் கருவியும் அவர் கையில் இருக்கிறது. நோல்ஸ் சொன்ன ஐந்து படிகளும் இந்தச் சிறிய வேலைக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன.

கேள்விகள் இப்படியே வேறு திசைகளிலும் வரும். ஆங்கிலப் பாடவேளையில் எவ்வளவு தமிழ் பேசுகிறேன், எதற்காகப் பேசுகிறேன் என்று ஒருவர் எண்ணிப் பார்க்கலாம். கட்டுரைக் கொப்பிகளில் தான் சிவப்புப் பேனையால் திருத்துகின்ற பிழைகளில் எவை அடுத்த கட்டுரையிலும் திரும்பி வருகின்றன என்று ஐந்து பிள்ளைகளின் கொப்பிகளை வைத்து இன்னொருவர் பார்க்கலாம். இரண்டாம் மொழிச் சிங்களம் கற்பிப்பவர், எழுத்தைக் கண்டு வாசிக்கின்ற பிள்ளை அதே சொல்லைக் கேட்டால் ஏன் விளங்கிக்கொள்வதில்லை என்று கேட்கலாம். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்விகளை மாதிரிக்குக் கொடுத்து, அவற்றில் ஒன்றைத் தெரியவோ திருத்தவோ புதிதாக எழுதவோ இடம்விடுங்கள். "ஏதாவது ஒரு கேள்வி கொண்டு வாருங்கள்" என்று வெறுங்கையோடு விட்டால் பலர் திகைத்துப் போவார்கள்.

ஒலிப்பதிவு பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அதிபருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தப்பட வேண்டும்; பிள்ளைகளின் குரல் அடங்கிய பதிவு ஆசிரியரின் கைபேசியை விட்டு வேறெங்கும் போகக்கூடாது, எண்ணி முடித்ததும் அழிக்கப்பட வேண்டும். கற்கைநெறிக்குள் வருவது அந்தத் தாள் மட்டுமே.

அந்தத் தாளும் உங்களிடம் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. இதை நீங்கள் மனத்தாங்கல் இன்றி ஏற்பீர்கள் என்று நம்புகிறேன். வெளிவாரி மதிப்பீட்டுக் குழுவோடு கோவையும் கையுமாக வகுப்பறைக்குள் வருபவரும் நீங்கள்தான். இணையவழியில் "உங்கள் பலவீனத்தை மனம்திறந்து எழுதுங்கள்" என்று கேட்பவரும் நீங்கள்தான் என்றால், எந்த ஆசிரியர் உண்மையை எழுதுவார்? அழகான பொய்களே உங்களுக்குக் கிடைக்கும். மொழி ஆசிரியர்களிடம் இந்தப் பயம் இரட்டிப்பாக இருக்கிறது. கணித ஆசிரியர் ஒருவர் கற்பித்தல் முறையில் மட்டும் உதவி கேட்டால் போதும். ஆங்கில ஆசிரியர் பலருக்குத் தம்முடைய சொந்தப் பேச்சாற்றல், உச்சரிப்பு, சொல்வளம் ஆகியவை பற்றியும் வெளியில் சொல்லாத ஒரு கூச்சம் இருக்கிறது. அவர்கள் முழுப் பெயரோடு எல்லோரும் பார்க்கும் கலந்துரையாடற் பகுதியில் ஆங்கிலத்தில் கருத்து எழுதவேண்டும் என்று விதித்தால், முதல் வாரமே ஒதுங்கிவிடுவார்கள். எனவே இத்தகைய தாள்களும் குறிப்புகளும் சேரும் கற்றற் பதிவேடு ஆசிரியரின் சொந்தச் சொத்தாக இருக்கட்டும். அதில் எந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கருத்துகளைத் தமிழில் எழுதவும் குரற்பதிவாக அனுப்பவும் அனுமதியுங்கள். சொந்த மொழித்திறனை வளர்க்க விரும்புபவர்களுக்கு, எவரும் புள்ளியிடாத, நாளாந்தக் கேட்டலும் வாசிப்பும் கொண்ட தனிக் கிளை ஒன்று இருந்தால், அதற்குத்தான் அதிக வரவேற்பு இருக்கும் என்பது என் ஊகம்.

இனி, எல்லா ஆசிரியரும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெரால்ட் குரோ என்பவர் 1991இல் கற்பவர்களை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்: வழிகாட்டலிலேயே தங்கியிருப்பவர், ஆர்வம் உள்ளவர், ஈடுபாட்டோடு பங்கெடுப்பவர், தன் கற்றலைத் தானே நடத்துபவர். தங்கியிருக்கும் நிலையில் உள்ளவருக்கு முழுச் சுதந்திரத்தைக் கொடுத்தாலும், தானே நடத்தக்கூடியவரை ஒவ்வோர் அடியும் கைபிடித்து நடத்தினாலும் இரண்டும் பழுதாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம். இந்த நிலைகள் ஆளுக்கு நிரந்தரமானவையும் அல்ல. இருபது வருட அனுபவமுள்ள ஆசிரியர் கட்டுரை கற்பித்தலில் எவரது உதவியும் இன்றி முன்செல்வார். கேட்டற் செயற்பாட்டை வடிவமைப்பதில் நேற்று நியமனம் பெற்றவரைப் போலத் தடுமாறலாம்.

ஆகவே கற்கைநெறிக்கு இரண்டு வாசல்கள் வையுங்கள். ஒன்றில், கேள்வியும் வளமும் செயற்பாடும் வாரவாரியாக ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். ஆசிரியர் வகுப்பை மட்டும் தெரிவுசெய்கிறார். மற்றதில், ஒரு பக்கக் கற்றல் உடன்படிக்கையை ஆசிரியரே எழுதுகிறார்: எதைக் கற்க விரும்புகிறேன், எதைக்கொண்டும் யாரிடமிருந்தும் கற்பேன், எத்தனையாந் திகதிக்குள், கற்றதற்குச் சான்றாக எதைக் காட்டுவேன், அந்தச் சான்று போதுமானது என்று எப்படித் தீர்மானிப்பது. முதல் வாசலால் வந்தவர் இடையில் இரண்டாவதற்கு மாறலாம், திரும்பியும் வரலாம். யார் எந்த வாசல் என்பதை நீங்கள் தரம்பிரித்துச் சொல்லாதீர்கள். அது உடனே ஆசிரியர் அறையில் பேச்சாகிவிடும்.

வளங்களின் ஒழுங்கு பற்றி ஒரு சொல். முதலில் கோட்பாடு, பின் உதாரணம், கடைசியில் பிரயோகம் என்ற வரிசையைத் தலைகீழாக்குங்கள். கல்வி ஆய்வாளரான தொமஸ் கஸ்கி 1986இல் முன்வைத்த மாதிரியின்படி, ஆசிரியரின் நம்பிக்கை மாறுவது விரிவுரை கேட்பதனால் அன்று. புதியதொன்றைச் செய்து, தன் மாணவரிடம் மாற்றத்தைக் கண்ட பிறகே அது மாறுகிறது. ஆகையால் ஒவ்வோர் அலகும் முதல் இரண்டு பக்கத்துக்குள் ஆசிரியரை வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். ஏன் இப்படி நடந்தது என்று அவர் கேட்டுக்கொண்டு திரும்பி வரும்போது கோட்பாடு காத்திருக்கட்டும்.

டேட்டாக் கணக்கையும் பாருங்கள். விநாடிக்கு ஒரு மெகாபிற்று என்ற சாதாரண வேகத்தில் பதிந்த 10 நிமிடக் காணொளி 75 மெகாபைட் வரும். உங்கள் 40 நிமிட விரிவுரை 300 மெகாபைட். பன்னிரண்டும் சேர்ந்தால் மூன்றரை கிகாபைட்டுக்கு மேல். அதே 10 நிமிடத்தை விநாடிக்கு 32 கிலோபிற்றில் ஒலியாக மட்டும் பதிந்தால் ஏறத்தாழ இரண்டரை மெகாபைட்தான். பேச்சுக்கு அந்தத் தரம் போதும். வகுப்பறையைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் மூன்று, நான்கு நிமிடக் காணொளி வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒலியாகவும் பீடிஎப் ஆகவும் கொடுங்கள். மொழி ஆசிரியர்களுக்கு ஒலி வெறும் சிக்கன வழியும் அன்று. தமிழ் எழுத்தில் 'ப' என்ற ஒரே வடிவுக்குள் அடங்கிவிடுகின்ற இரண்டு ஆங்கில ஒலிகளையும், சிங்களத்தில் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டு ஒலிக்கும் உயிரையும், மூக்கொலி முன்னொட்டி வரும் மெய்களையும் எத்தனை பக்கம் எழுதி விளக்கினாலும் காதால் கேட்பதற்கு ஈடாகாது. பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணைப்பு இல்லாத நேரத்திலும் கேட்கக்கூடியதாக எல்லாம் இருக்க வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாம் அதற்குள் மறந்துவிடக் கூடாது.

தளத்தைப் பொறுத்தவரை நீங்கள் பயன்படுத்தும் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளமே போதும். அதன் கைபேசிச் செயலியில் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அறிவித்தலுக்கும் நினைவூட்டலுக்கும் வட்ஸ்அப், வளங்களுக்கு மூடில் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படங்கள் வந்து குவியும் குழுவில் பாடக் கோப்பைப் போட்டால், இரண்டு நாளில் அது எவருக்கும் அகப்படாது.

ஆசிரியரைத் தனியே விட்டுவிடுவதையும் தவிர்க்க வேண்டும். பெரிய கலந்துரையாடற் களம் ஒன்றைத் திறந்துவைத்து எல்லோரும் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பதை விட, இருவர் இருவராகக் கற்றற் துணை சேர்ப்பது பயன் தரும். ஒரே பாடசாலையில் உள்ள இருவரைச் சேர்க்காதீர்கள். பதில் அதிபர், பகுதித் தலைவர் என்று பதவிகள் குறுக்கே வரும். ஒரே பாதையால் போய்வருகின்ற, ஏறத்தாழ ஒரே வகுப்புக்குக் கற்பிக்கின்ற இருவர் நல்லது. வாரத்தில் ஒரு குரற்பதிவு, மூன்று நிமிடத்துக்கு மேற்படாமல்: என்ன செய்தேன், பிள்ளைகள் என்ன செய்தார்கள், எது விளங்கவில்லை. கேட்பவர் அறிவுரை சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது விதி. அறிவுரை சொல்லாமல் இருப்பது ஆசிரியர்களாகிய நமக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை முதல் வாரத்திலேயே உணர்வார்கள்.

உங்கள் பங்கு இதில் குறையப்போவதில்லை. 12 ஆசிரியர்கள் என்றால், ஆளுக்கு வாரம் 10 நிமிடம் ஒதுக்கினாலே இரண்டு மணிநேரம். அதைக் குறித்த ஒரு நாளில், குறித்த நேரத்தில் கொடுப்பதாக அறிவித்து, அந்த நேரத்தில் தொலைபேசியில் கிடைக்க வேண்டும். இதனால்தான் ஒரே தடவையில் நூறு பேரைச் சேர்க்க வேண்டாம் என்கிறேன். எண்ணிக்கையைக் கேட்டு மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும் என்பதும் தெரியும். இந்தத் தொகுதியில் நன்கு செய்த மூவர் நால்வர் அடுத்த தொகுதிக்கு வழித்துணையாக வந்தால், ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நாட்காட்டியை வகுப்பதற்கு முன் சுவரில் தொங்கும் கலண்டரைப் பாருங்கள். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை மழையும் வெள்ளமும். படுவான்கரையில் சில பாடசாலைகளுக்குப் போய்ச் சேர்வதே பாடாக இருக்கும் காலம் அது. அதற்குப் பின் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் பெரும்போக அறுவடையும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குகள். கல்முனை, அக்கரைப்பற்று ஆசிரியர்களைச் சேர்க்கும்போது நோன்பு காலத்தையும், அது ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்வதையும், முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை வேறுபடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எட்டு வார வேலையைப் பத்து வாரத்துக்குப் பரப்பி, நடுவில் இரண்டு வாரங்களை எதுவும் இடாமல் வெறுமையாக விடுங்கள். பின்தங்கியவர் எட்டிப்பிடிப்பதற்கு அந்த வெறுமை உதவும். எந்நேரமும் செய்யலாம் என்று முழுதாகத் திறந்துவிட்ட வேலை எந்நேரத்திலும் செய்யப்படுவதில்லை. ஆகவே வாராந்தத் திகதிகள் வேண்டும், அவை கண்டிப்பற்றவையாக இருந்தால் போதும்.

சான்றிதழ் இருக்கட்டும். ஆசிரியர்களின் கோவையில் அதற்கு இடமுண்டு, அதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பல்தேர்வு வினாக்களின் புள்ளிக்குக் கொடுக்காதீர்கள். அவ்வினாக்கள் ஆசிரியர் தன்னைத் தானே சோதிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். சான்றிதழுக்குக் கேட்க வேண்டியது நான்கைந்து தாள்கள் கொண்ட ஒரு மெல்லிய கோவை: உடன்படிக்கை அல்லது தெரிந்தெடுத்த கேள்வி, முன்னும் பின்னும் எடுத்த எண்ணிக்கைகளில் அவர் காட்ட விரும்பும் பகுதி, செய்த செயற்பாட்டின் பாடக்குறிப்பு, பெயர் மறைத்த ஒரு மாணவர் ஆக்கம், என்ன நடந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு. அதை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உரையாடுங்கள். வேறொருவருடைய கோவையைப் பார்த்தெழுதியவர், தன் வகுப்பில் மூன்றாவது வாங்கில் இருந்த பிள்ளை என்ன சொன்னது என்ற கேள்வியிலேயே அகப்பட்டுவிடுவார். முயற்சி பலிக்கவில்லை என்று நேர்மையாக எழுதி, ஏன் பலிக்கவில்லை என்று எண்ணிக்கையோடு காட்டியவருக்கும் சான்றிதழ் கிடைக்க வேண்டும். அவ்வாறு கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே தயாரித்த காணொளிகளை வீசிவிட வேண்டாம். உழைத்துச் செய்திருக்கிறீர்கள், ஆறாம் அலகிலிருந்து பத்தாம் அலகு வரை நல்ல விடயங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொரு விரிவுரையையும் நான்கு, ஐந்து துண்டுகளாக வெட்டி, அலகு இலக்கத்துக்குப் பதிலாக ஆசிரியர் கேட்கக்கூடிய கேள்வியையே ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பாக இட்டு, தேவைப்படுபவர் தேடி எடுக்கும் களஞ்சியமாக வையுங்கள். கற்பித்தல் முறைகளின் வரலாறும் அங்கே ஒரு மூலையில் இருக்கட்டும். வாழ்த்துரைகளை அழித்துவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, பதிவுப் படிவத்தில் பெயர், பாடசாலை, நியமனத் திகதி, தொலைபேசி இலக்கம் என்று கேட்கும் வரிசையின் முடிவில் ஒரு வினாவைச் சேருங்கள்: "நீங்கள் கற்பிக்கும் வகுப்புகளில் ஒன்றில், இந்தத் தவணையில் உங்களுக்குப் பிடிபடாமல் இருக்கும் விடயம் எது? இரண்டு வரியில் எழுதுங்கள்." வரும் பதில்களில் பெயர்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்பினால், எந்தக் கேள்விகளுக்கு முதலில் வளம் தயாரிப்பது என்பதை இருவருமாகப் பார்க்கலாம்.